டிரக்குக்கு ஏர் இன்டேக் மாற்றலாமா? வாங்கும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள்

கேட்டவரின் வண்டி 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் பிக்கப். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் பாதி நாள் மண் பாதை, மாதத்தில் இரண்டு தடவை பின்னால் டிரெய்லர். ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டர், பெட்டி, குழாய், இவற்றை மாற்ற மூன்று பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறார்: திறந்த கூம்பு ஃபில்டரோடு வரும் கிட், மூடிய பெட்டியோடு வரும் கிட், ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே பொருத்தும் கழுவக்கூடிய ஃபில்டர். எதைப் போட்டால் பவர் கூடும், மைலேஜ் எவ்வளவு ஏறும், தம்பியின் டர்போ டீசலுக்கும் அதே பதில்தானா என்பது கேள்வி.

உடனே பதில் வேண்டுமென்றால்: பவர் கொஞ்சம்தான் கூடும், மைலேஜ் கூடாது, சத்தம் கட்டாயம் கூடும். மண் பாதையில் ஓடும் வண்டிக்குத் திறந்த கூம்பு வேண்டவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நன்றாக மூடும் பெட்டி, பெரிய மடிப்புப் பரப்பு, எண்ணெய் பூசாத ஃபில்டர். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் ஒரிஜினல் இன்டேக் உண்மையிலேயே காற்றைத் தடுக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை, அப்படி அளந்தவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் கிட் வாங்கவே இல்லை.

அளவு என்றால் என்ன என்று சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. 5.3 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 5,500 ஆர்பிஎம்மில், சிலிண்டர்கள் 85 சதவீதம் நிறைகின்றன என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 12,000 லிட்டர் காற்று. அவ்வளவு காற்று ஒரு ஃபில்டரையும் குழாயையும் தாண்டி வரும்போது அழுத்தம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைத்தான் ரெஸ்ட்ரிக்ஷன் என்கிறோம். இதைத் தண்ணீர் மட்டக் கணக்கில் சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். அதாவது 1,030 சென்டிமீட்டர். உங்கள் ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து முழு ஆக்சிலரேட்டரில் 25 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குத் தடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது 1,030இல் இரண்டரை சதவீதம்கூட இல்லை.

உங்கள் இன்ஜின் 350 குதிரைத்திறன் என்றால், ஃபில்டர், பெட்டி எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் வாயோடு ஓட்டினாலும் கிடைப்பது எட்டு குதிரைத்திறன்தான். கிட்டிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறதே, அதுவும் தடுக்கத்தானே செய்யும்? பழையதில் பாதி அளவு தடுக்கிறது என்றால் உங்களுக்கு மிச்சம் நாலு. இப்போது அட்டைப்பெட்டியில் '25 குதிரைத்திறன் கூடும்' என்று அச்சடித்திருந்தால், அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 350இல் 25 என்பது ஏழு சதவீதம். அதற்கு ஒரிஜினல் இன்டேக் எழுபது சென்டிமீட்டருக்கு மேல் வீணாகத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த வண்டித் தயாரிப்பாளரும் அவ்வளவு பவரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு விளம்பரத்தில் குறைந்த எண்ணைப் போட மாட்டார்.

அப்படியானால் டைனோ, அதாவது பவர் அளக்கும் இயந்திரம், கொடுக்கும் பேப்பரில் காட்டுகிறார்களே, அது பொய்யா? பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் சூழ்நிலை வேறு. பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு எடுத்த அளவு அது. திறந்த ஃபில்டருக்கு அதைவிட நல்ல நாள் வாய்க்காது. இன்னொரு காரணம் கொஞ்சம் சூட்சுமமானது, அதைக் காற்றளவு சென்சார் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் அளப்பது எப்படி? எளிய வழி ஒன்று இருக்கிறது. வண்டியின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் ஸ்கேனர் ஒன்று போதும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய், அதற்குள் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். அது அன்றைய வெளிக்காற்றின் அழுத்தம், 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பாதுகாப்பான ஒரு நீண்ட ஏற்றத்தில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஆர்பிஎம் மேலே போகும்போது அதே எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 97 காட்டினால் ஃபில்டர், பெட்டி, குழாய், ஆக்சிலரேட்டர் மிதிக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி எல்லாம் சேர்ந்தே விழுங்குவது மூன்று சதவீதம்தான். இன்டேக் கிட் இந்த மூன்று சதவீதத்தில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தர முடியும். 92 என்று காட்டினால் விஷயம் வேறு. முதலில் பழைய ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், அடைத்துப் போயிருக்கலாம். புது ஃபில்டர் போட்டும் அதே எண் வந்தால்தான் கிட் பற்றி யோசிக்க நியாயம் இருக்கிறது. இந்த வழி டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். டர்போ வண்டியில் மேனிஃபோல்டு அழுத்தம் வேறு கதை சொல்லும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் ஒரு சிறு முனை வைத்து, டயல் வகை அழுத்த வித்தியாச கேஜ் ஒன்றை இணைக்கலாம். ஒளி ஊடுருவும் ட்யூபை 'யு' வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி அளப்பவர்களும் உண்டு. செய்தால் ட்யூபின் ஒவ்வொரு கையும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கட்டும், நடுவில் ஒரு காலி பாட்டிலையும் வையுங்கள். அளக்கப் போய் இன்ஜினுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிடக் கூடாது.

சரி, தடையைக் குறைத்தால் கிடைப்பது சில குதிரைகள். ஆனால் சூடான காற்றை இழுத்தால் போவது எவ்வளவு தெரியுமா? காற்றின் அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்தது. மூன்று டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்கு அடியில் நின்றுகொண்டே இருக்கும்போது 65 டிகிரி. இந்த முப்பது டிகிரியில் அடர்த்தி ஒன்பது சதவீதம் போய்விடும். பவர் அதே அளவு குறையாது என்பது உண்மை. டைனோவில் பயன்படுத்தும் திருத்தக் கணக்கில் வெப்பநிலை வர்க்கமூலமாகத்தான் வருகிறது, ஆகவே நாலரை சதவீதம் என்று கொள்ளலாம். ஆனால் பெட்ரோல் இன்ஜினில் காற்று சூடானால் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறி வெடிப்பது, வராமலிருக்க இன்ஜினின் கணினியான ஈசியு ஸ்பார்க்கைப் பின்தள்ளும், அந்த இழப்பு தனி. இதை எட்டு குதிரைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். திறந்த கூம்பு ஃபில்டர் ஒரு கையில் கொடுப்பதை இன்னொரு கையில் பிடுங்கிக்கொள்கிறது, மேலே கொஞ்சம் வட்டியும் சேர்த்து.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இந்த வித்தியாசம் சுருங்கும், காற்று பாய்ந்து பானெட் அடி குளிர்ந்துவிடும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றம் ஏறும்போதுதான் பெரிதாகும். பவர் தேவைப்படுவதும் அப்போதுதான்.

ஆகவே கிட்டைப் பார்க்கும்போது முதலில் ஃபில்டரைப் பார்க்காதீர்கள், அது காற்றை எங்கேயிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். ஒரிஜினல் பெட்டி பெரும்பாலும் ஃபெண்டருக்குள்ளிருந்தோ ரேடியேட்டருக்கு மேலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கும். நல்ல கிட் அந்த வாயையே பயன்படுத்தும் அல்லது அதைப் பெரிதாக்கும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தகடு மட்டும் நிறுத்தி, மேலே ரப்பர் பட்டை ஒட்டி, 'பானெட் மூடினால் பெட்டி ஆகிவிடும்' என்பார்கள் சிலர். பட்டை பானெட்டில் முழுக்க உட்கார்ந்தால் பரவாயில்லை. நான் கண்ட பலவற்றில் ஒரு மூலையில் விரல் போகும் இடைவெளி இருந்தது.

பளபளக்கும் அலுமினியக் குழாய் சூடேறிக் காற்றையும் சூடாக்கிவிடும் என்று ஒரு பயம் உண்டு. முழு வேகத்தில் ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் காற்று நொடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் ஓடும். எழுபது சென்டிமீட்டர் குழாயை அது கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும், சூடேற நேரமே இல்லை. சிக்னலில் நிற்கும்போது வேண்டுமானால் கொஞ்சம் சூடாகும். பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனித் தூசி. உங்களுக்கு மண் பாதை என்பதால் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஏர் ஃபில்டரின் வேலை காற்றை விடுவதல்ல, தூசியை நிறுத்துவது. ஃபில்டரே இல்லாவிட்டால் காற்று இன்னும் நன்றாகப் போகும். 1915இல் அமெரிக்காவில் பிராங்க் டொனால்ட்சன் என்பவர், வயல் தூசியில் டிராக்டர் இன்ஜின்கள் வீணாவதைக் கண்டு ஏர் கிளீனர் செய்யத் தொடங்கினார். அவர் பெயரிலுள்ள கம்பெனி இன்றும் கனரக வண்டிகளுக்கு ஃபில்டர் செய்கிறது. அன்றைக்கும் சிக்கல் தூசிதான், குதிரைத்திறன் அல்ல.

இன்ஜினைத் தின்பது கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல. மனித முடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். ஐந்திலிருந்து இருபது மைக்ரான் வரை உள்ள துகள்கள் அந்த இடைவெளிக்குள் புகுந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். இந்த அளவுத் துகளைப் பிடிப்பதில் ஃபில்டருக்கு ஃபில்டர் வித்தியாசம் உண்டு, அதைச் சதவீதத்தில் சொல்லும்போது நாம் ஏமாந்துவிடுகிறோம். ஒன்று 99.5 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97. இரண்டும் நூற்றுக்குப் பக்கத்தில்தானே என்று தோன்றும். ஆனால் நூறு கிராம் தூசி வந்தால் முதலாவது விடுவது அரை கிராம், இரண்டாவது விடுவது மூன்று கிராம். ஆறு மடங்கு. பிடித்ததைப் பார்க்காதீர்கள், விட்டதைப் பாருங்கள்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற தரமுறை இருக்கிறது. குறிப்பிட்ட சோதனைத் தூசியை, குறிப்பிட்ட காற்றோட்டத்தில் ஊட்டி அளப்பது. விற்பவரிடம் அந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் வேண்டும்: எந்தக் காற்றோட்டத்தில் எவ்வளவு தடை, எவ்வளவு சதவீதம் பிடித்தது, அடைவதற்கு முன் எத்தனை கிராம் தாங்கியது. தடையை மட்டும் சொல்லி மற்ற இரண்டையும் சொல்லாதவரிடம் நான் வாங்க மாட்டேன். எந்தத் தூசியில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். கரடான தூசியில் எந்த ஃபில்டரும் நல்ல மார்க் வாங்கும்.

எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கட்சி இருக்கிறது. கே அண்ட் என் பெயரில் பிரபலமான வகை அது. பருத்தி இழைகள் இடைவெளி விட்டு இருக்கும், தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். புதிதில் தடை குறைவு, கழுவித் திரும்பப் போடலாம், சுத்தமான சாலையில் ஓடும் வண்டிக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். மண் பாதைக்கு வேறு வகையைத்தான் எடுப்பேன். பிடிக்கும் திறனில் நல்ல தாள் ஃபில்டர் பொதுவாக மேலே நிற்கிறது. கழுவி, காயவைத்து, அளவாக எண்ணெய் பூசும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அரைகுறையாகக் காய்ந்தாலும், கம்ப்ரசர் காற்றால் ஊதிக் கிழித்தாலும், எண்ணெய் கூடினாலும் கெடுதல்தான். கூடின எண்ணெய் காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் போய்ப் படியும். உலர்ந்த செயற்கை இழை ஃபில்டரில் அந்த எண்ணெய்த் தொல்லை இல்லை. என் விருப்பம் அதைவிடவும் சாதாரணமானது: பெரிய பெட்டிக்குள் ஆழமான மடிப்புகளோடு, பரப்பு அதிகமுள்ள தாள் ஃபில்டர். பரப்பு இரட்டிப்பானால் தடையும் குறையும், தூசி தாங்குவதும் கூடும். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெற வேண்டியதில்லாத இடம் இது ஒன்றுதான்.

ஒன்று பலருக்குத் தெரியாது. கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு வலையாகிவிடுகிறது. அடிக்கடி திறந்து தட்டித் தட்டிப் போடுவது நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்பவர்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை மண்ணைச் சுத்தமான பக்கத்தில் உதிர்க்கிறார்கள். தடை காட்டும் இண்டிகேட்டர் ஒன்று பொருத்திவிட்டு, அது சொல்லும்போது மட்டும் திறந்தால் போதும்.

ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும் அதன் ஓரத்தில் ஒரு கீறல் போதும். என் பழைய பிக்கப்பில் ஒரு கிட் போட்டிருந்தேன், பெயர் வேண்டாம். சத்தம் பிரமாதம், நாலு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். ஒரு நாள் வேறு வேலைக்காகக் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் மாவு மாதிரி செம்மண். ஃபில்டரில் குறை இல்லை. அதன் ரப்பர்க் கழுத்து குழாயில் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, கிளாம்ப் சாய்வாக இறுகியிருந்தது. இன்ஜின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினேன், மண்ணில் இருக்கும் சிலிக்கான் முந்தைய தடவையைவிட நன்றாக ஏறியிருந்தது, கூடவே இரும்பும். சிலிக்கான் மட்டும் ஏறினால் புதிதாகப் போட்ட கேஸ்கெட் பசையிலிருந்தும் வரலாம். இரும்போ அலுமினியமோ சேர்ந்து ஏறினால் அது மண், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து எந்த இன்டேக் மாற்றினாலும் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு வெள்ளைத் துணிச் சோதனை, அடுத்த ஆயில் மாற்றத்தில் ஒரு எண்ணெய்ச் சோதனை. ஃபில்டர் பெட்டியில் உட்காரும் ரப்பர் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தூசித் தடம் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான்.

காற்றளவு சென்சாருக்கு வருவோம், எம்.ஏ.எஃப். என்பது அதுதான். குழாய்க்குள் சூடாக்கிய ஒரு கம்பி இருக்கும், அதைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து ஈசியு காற்றின் எடையைக் கணக்கிடும். ஆனால் கம்பிக்குத் தெரிவது அது இருக்கும் இடத்துக் காற்று மட்டும்தான். குழாயின் விட்டம் இவ்வளவு என்று முன்பே எழுதி வைத்த கணக்கை வைத்துத்தான் மொத்தக் காற்றையும் ஊகிக்கிறது. புதுக் குழாயின் விட்டம் அந்த இடத்தில் ஐந்து சதவீதம் கூடினால் பரப்பு பத்து சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாக ஓடும், சென்சார் பத்து சதவீதம் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தக் கண்காணிப்பு பல வண்டிகளில் இருக்காது.

முன்பு சொன்ன சூட்சுமம் இதுதான். தயாரிப்பாளர்கள் முழு வேகத்தில் இன்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விடுவார்கள். கிட் போட்டதும் சென்சார் குறைத்துச் சொன்னால் கலவை மெலிகிறது, டைனோவில் சில குதிரைகள் கூடுதலாகத் தெரிகின்றன. அது காற்று கொடுத்த பவர் அல்ல, பாதுகாப்புக்கு ஒதுக்கி வைத்ததிலிருந்து எடுத்த பவர். டிரெய்லரோடு பத்து நிமிடம் ஏற்றம் ஏறும் வண்டிக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

எனவே சென்சார் உட்காரும் இடத்தில் உள்விட்டம் ஒரிஜினலுக்குச் சமமாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் வளைவு இல்லாத நேர்ப்பகுதி வேண்டும், ஒரிஜினலில் வலைத்தட்டு இருந்தால் அதுவும் வேண்டும். போடுவதற்கு முன் ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் எண்ணை, அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் திருத்திக்கொள்கிறது என்பதை, குறித்து வையுங்கள். போட்டு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம் நகர்ந்தால் பரவாயில்லை. பத்தை நெருங்கினால் கிட் உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை அல்லது எங்கோ காற்று ஒழுகுகிறது. கவனிக்காமல் விட்டால் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகளோடு செக் இன்ஜின் விளக்கு எரியும். கலவை மெலிவாக இருக்கிறது என்பதுதான் அவற்றின் பொருள். இன்ஜினின் அடிப்பாகத்தை இன்டேக் குழாயோடு இணைக்கும் கிராங்க்கேஸ் ப்ரீதர் ஹோஸைக் கிட்டில் எங்கே இணைக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலில் அது சென்சாருக்குப் பின்னால் சேர்ந்தால் கிட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். தனியாக ஒரு குட்டி ஃபில்டரை மாட்டி அந்த வழியைத் திறந்துவிடும் கிட்கள் அளக்காத காற்றை உள்ளே விடுகின்றன.

மைலேஜ் பற்றி ஒரே பத்தி போதும். பெட்ரோல் இன்ஜின் சாதாரணமாக ஓடும்போது த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. அதுவே பெரிய தடை, வேண்டுமென்றே வைத்த தடை. முன்னாலிருக்கும் ஃபில்டர் தடையை நீங்கள் குறைத்தால், அதே வேகத்துக்கு த்ராட்டில் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். செலவு அதேதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக அடைத்துப்போன ஃபில்டரோடு ஓடிய நவீன ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களிலும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. ஆக்சிலரேஷன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை இன்னொரு சுத்தமான ஃபில்டரால் மாற்றி என்ன ஏறிவிடப் போகிறது? ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும் என்று கார்புரேட்டர் காலத்து அனுபவத்தை வைத்துப் பெரியவர்கள் சொல்வது அந்த வண்டிகளுக்குச் சரி.

தம்பியின் டர்போ டீசலுக்குக் கணக்கு வேறு. டீசலில் பெட்ரோல் வண்டியைப்போலக் காற்றை நெரித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, டர்போவும் இருக்கிறது. இன்டேக்கில் தடை கூடினால் ஈசியு கேட்கும் பூஸ்ட்டை, அதாவது டர்போ அமுக்கித் தரும் காற்றழுத்தத்தை, எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டும். எனவே தடையைக் குறைத்ததும், வேறு மாற்றம் எதுவும் செய்யாத வண்டியில் பவர் தாவாது. டர்போ கொஞ்சம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், பெரிய சுமையோடு ஏறும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் சற்றுக் குறையலாம், விசில் சத்தம் நன்றாகக் கேட்கும். ட்யூனிங் செய்து பூஸ்ட்டையும் டீசலையும் ஏற்றிய வண்டியில்தான் பெரிய இன்டேக் தன் செலவை நியாயப்படுத்தும். கனரக டர்போ டீசல்களில் ஃபில்டர் அழுக்கான பிறகும் தாங்கும் எல்லையாகச் சுமார் 63 சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது 25 அங்குலம் வரை ஏற்பது வழக்கம். டர்போ வண்டி எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. தூசி விஷயத்தில் மட்டும் தம்பி உங்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். ஃபில்டர் தாண்டிய மண் முதலில் அடிப்பது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய கம்ப்ரசர் இறக்கையை.

தண்ணீரில் இறங்கும் வழக்கம் உண்டென்றால், ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கும் கிட்களை மறந்துவிடுங்கள். தண்ணீர் அமுங்காது. ஒரு சிலிண்டரில் போதுமான அளவு புகுந்தால் கனெக்டிங் ராட் வளையும். கூரை உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் ஸ்நார்கெல் குழாய் போடுவதாயிருந்தால் கீழேயுள்ள பெட்டியின் வடிகால் ஓட்டை, மூடி ஓரம், ஹோஸ் இணைப்பு எல்லாவற்றையும் காற்றுப்புகாமல் அடைக்க வேண்டும். மேலே குழாயை நீட்டிவிட்டு அடியில் ஓட்டையை விட்டிருக்கும் வண்டிகள்தான் அதிகம். அது கூரையிலிருந்து காற்றையும் ஆற்றிலிருந்து தண்ணீரையும் ஒன்றாகக் குடிக்கும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் இன்டேக் கிட்டுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் இருக்க வேண்டும், அதுவும் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். உங்கள் ஊர் விதியை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் ஒரிஜினல் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். ஒரிஜினல் குழாயில் பக்கவாட்டில் தொங்கும் வெற்றுப் பெட்டிகள், ரெசொனேட்டர்கள், உறிஞ்சும் இரைச்சலை அமுக்கத்தான் இருக்கின்றன. அவை போனதும் வி8 வாயைத் திறக்கும், அது ஒரு சுகம்தான். அதைச் சுகம் என்றே சொல்லி வாங்குங்கள். வேறு கணக்கு வேண்டாம்.

இனி உங்கள் மூன்றில் என் தேர்வு. ஸ்கேனரில் 100க்கு 96, 97 காட்டினால் ஒரிஜினல் பெட்டியும் நல்ல தாள் ஃபில்டரும் போதும், கழுவும் ஃபில்டரும் வேண்டாம். அதற்குக் கீழே காட்டி, புது ஃபில்டரிலும் மாறாவிட்டால் மூடிய பெட்டிக் கிட். சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும், சென்சார் இடத்து உள்விட்டத்தை வெர்னியர் வைத்து நீங்களே அளந்திருக்க வேண்டும். பொருத்திய பிறகு ஐந்நூறு கிலோமீட்டரில் கிளாம்ப்களை மறுபடி இறுக்குங்கள், சூட்டில் ரப்பர் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். சாவி மட்டும் திருப்பியபோது வந்த எண்ணும் முழு மிதியில் வந்த எண்ணும் தெரிந்ததும் எழுதுங்கள், எந்த ஆர்பிஎம்மில் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து.